வீட்டுப் பழம்படங்களைப் பேணுதல்

வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களுக்கு நாம் செல்லும்போது, ஊரிலிருந்து வந்த பொருள்கள் என்று அவர்கள் எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் சிலவே. ஒரு குத்துவிளக்கு, ஒரு கல்சட்டி, ஒரு மரப்பெட்டி. இவற்றுடன் பூசையறைச் சுவரில் ஒரு பழைய படம். விளக்கும் கல்சட்டியும் கவனிப்பாரின்றியே நூறாண்டு இருக்கும். படம் அவ்வாறு இராது. வந்த பொருள்கள் எல்லாவற்றிலும் மென்மையானது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லி கரோல்பாகில், நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருத்தமாகும். கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வந்த குடும்பம் அது. வீட்டின் மூத்த பாட்டியாருக்குப் பிறந்தகத்தில் சீராகக் கொடுத்த இரண்டு தஞ்சாவூர்ப் படங்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று தவழும் கிருஷ்ணன். மற்றொன்று இராமர் பட்டாபிஷேகம். வீட்டில் ஒரு திருமணம் வந்தது. படங்களோ புகையேறி மங்கியிருந்தன. கிருஷ்ணனின் கன்னத்தில் வண்ணம் உதிர்ந்திருந்தது. சட்டத்தின் மூலைகள் ஆடிக்கொண்டிருந்தன. பேரப்பிள்ளை நல்லெண்ணத்துடன் அந்தப் படத்தைச் சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்தார். பத்து நாளில் படம் பளபளவென்று திரும்பி வந்தது. முகத்திற்குப் புதிய வண்ணம், புருவத்திற்குப் புதிய கோடு, தங்க இலை தேய்ந்த இடங்களில் தங்க நிறப் பூச்சு, பழைய தேக்குச் சட்டத்தின் இடத்தில் மினுமினுக்கும் புதுச் சட்டம். பாட்டியார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது நம் வீட்டுக் கிருஷ்ணன் இல்லையே" என்றார்.

அவர் கூறியது உண்மை. புதிதாகத் தீட்டிய எண்ணெய் வண்ணம் பழைய வண்ணத்தைப் பற்றிக்கொண்டுவிட்டது. அதை அகற்ற முயன்றால் அடியிலிருப்பதும் உடன் வந்துவிடும் என்று, பின்னர்ப் பார்த்த நிபுணர் ஒருவர் சொன்னார். இதற்குள் மற்றொரு படமாகிய பட்டாபிஷேகத்தையும் அதே கடைக்கு அனுப்புவதா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. பழைய படத்தைப் புதியதாக்குவது ஒன்று. பழைய படத்தைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில், தஞ்சாவூர்ப் படம் எவ்வாறு அமைந்தது என்பதை அறிந்துகொள்வோம். இக்கலை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆட்சி புரிந்த இரண்டாம் சரபோஜியின் நாட்களில், செழித்து வளர்ந்தது. பலகையின் மீது எழுதப்படுவதால் இதற்குப் பலகைப்படம் என்ற பெயரும் வழங்கிற்று. பலா அல்லது தேக்குப் பலகையின் மேல் பசை தடவித் துணியை ஒட்டுவர். அதன்மேல் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்துப் பூசி, நன்கு தேய்த்து வழவழப்பாக்குவர். பசைக்குப் புளியங்கொட்டையும் மரப் பிசினும் பயன்பட்டன. நகை, கிரீடம், மண்டபத் தூண் முதலியவை புடைத்து நிற்குமாறு மக்கு எனப்படும் பூச்சை ஏற்றி, அதில் கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்துத் தங்க இலையை ஒட்டுவர். இறுதியில் பிசினில் குழைத்த வண்ணங்களைத் தீட்டுவர்.

ஆகவே நாம் ஒரே படம் என்று காண்பது உண்மையில் மரம், துணி, சுண்ணம், தங்கம், வண்ணம் என்ற பல அடுக்குகளின் கூட்டாகும். இவற்றை இணைத்து நிற்பது பசை ஒன்றே. பசை நீரில் இளகும், மிகவும் காய்ந்தால் நொறுங்கும், பூச்சிக்கு உணவாகும். பழம்படங்களுக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று இயல்புகளிலிருந்தே விளக்கிவிடலாம்.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரம். மரம் பலகையாக அறுக்கப்பட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுப்பதுமாகவே இருக்கும். ஈரம் மிகுந்தால் விரியும், குறைந்தால் சுருங்கும். இந்த மாற்றம் மரத்தின் நார் ஓடும் நீளவாட்டில் மிகக் குறைவு, அகலவாட்டில்தான் அதிகம். காவிரிக் கரையின் ஈரக் காற்றில் பல தலைமுறை இருந்த பலகையைத் தில்லிக்குக் கொண்டுவருகிறோம். இங்கே கோடை நண்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்திற்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. மழைக்காலத்தில் அதுவே 80 சதவீதத்தைத் தாண்டும். பலகை சுருங்குகிறது, அதன் மேலுள்ள சுண்ணப் பூச்சு சுருங்குவதில்லை. இடம் போதாத பூச்சு கூடாரம்போல் மேலெழுந்து, வெடித்து, செதில் செதிலாக உதிர்கிறது. படத்தின் பின்புறத்தில் குறுக்குச் சட்டங்களை ஆணியடித்து இறுக்கியிருந்தால், சுருங்க வழியில்லாத பலகை நாரின் போக்கிலேயே பிளந்துவிடுகிறது. நீளவாட்டில் நேர்க்கோடாக ஓடும் விரிசலைக் கண்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே என்று கொள்ளலாம்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் நிலைமை வேறு. அங்கே மழைக்காலத்தின் நீண்ட ஈரமே பகை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்திற்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதும் இக்காலத்தில்தான். அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ள முயல்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஓர் எண்ணைக் காட்டிலும், அளவு அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம் என்பது இன்று நிபுணர் கருத்து. பகலெல்லாம் புழுங்கி இரவில் குளிரும் அறையில், குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே படும் சுவரில் படத்தை மாட்டுவது, ஒவ்வொரு நாளும் அதனை ஒரு கோடைக்கும் ஒரு மாரிக்கும் உட்படுத்துவதை ஒக்கும்.

அடுத்தது ஒளி. ஒளியினால் வெளிறிய வண்ணம் மீண்டும் திரும்புவதில்லை. இருட்டில் வைத்தாலும் இழந்தது இழந்ததுதான். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். நீர்வண்ண ஓவியம், துணி போன்றவற்றிற்கு 50 லக்ஸ் போதும் என்றும், எண்ணெய் ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் வரை விடலாம் என்றும் அருங்காட்சியகங்கள் வரையறை செய்துகொண்டுள்ளன. நேர்வெயிலின் அளவோ ஒரு லட்சம் லக்ஸை எட்டக்கூடும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் படும்படி மாட்டிய படம் சில ஆண்டுகளில் நிறமிழப்பது இதனால்தான்.

பூச்சிகளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கரையான் சுவரின் வழியே வந்து சட்டத்தையும் பலகையையும் அரிக்கும். இராமபாணப் பூச்சி பசையையும் காகிதத்தையும் தின்னும். மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் புழு உள்ளேயே குடைந்து வாழ்ந்து, வண்டாகி வெளியேறும்போது குண்டூசித் தலையளவு துளையிடும். துளையைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. அது பழையதா, புதியதா என்று பார்க்க வேண்டும். துளையின் உட்புறம் வெளிர்நிறமாக இருந்து, புதிய மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. படத்தின் அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்துச் சில வாரங்கள் கவனித்தால் இது தெரிந்துவிடும். அவ்வாறு தெரிந்தால் அந்தப் படத்தை மற்றப் படங்களிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது வழக்கமாயினும் அது கூடாது. எண்ணெய் மரத்தின் வழியே ஊறி முன்புறத்தில் கறையாக வெளிப்படும்.

இவையெல்லாம் இயற்கையால் வருவன. இவற்றினும் பெரிய கேடு நம் அன்பினாலேயே வருகிறது என்பதைத் தயக்கத்துடன் சொல்லத்தான் வேண்டும். பண்டிகைக்கு முதல்நாள் ஈரத்துணியால் படத்தைத் துடைக்கிறோம். பிசினில் குழைத்த வண்ணம் துணியோடு வந்துவிடுகிறது. மெருகு வரட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுகிறோம். அது தூசியைப் பற்றிக் கருக்கிறது. சுவாமியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். ஈரமும் சாயமும் பூச்சுக்குள் இறங்கிவிடுகின்றன. நெய்விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் ஆகியவற்றின் புகை நாள்தோறும் படிகிறது. வழிபாட்டை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடி போட்ட படமானால் கண்ணாடியின் மேல் பொட்டிடலாம். இல்லையேல் சட்டத்தில் இடலாம். விளக்கைப் படத்திற்கு நேர் கீழே வைக்காமல் சற்று முன்தள்ளி வைக்கலாம். இவ்வளவே போதும்.

நல்லெண்ணத்தினால் செய்தது தீங்காக முடிந்ததற்கு நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஓவியங்களிலேயே சான்று உண்டு. அஜந்தாக் குகைகளை 1819-ஆம் ஆண்டில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலப் படையதிகாரி கண்டார். பின்னர் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்துப் படியெடுக்க வந்தவர்கள், கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவற்றின் மேல் வார்னிஷ் பூசினர். அவர்கள் எடுத்த படிகளில் பெரும்பகுதி 1866-இலும் 1885-இலும் இலண்டனில் நேர்ந்த தீ விபத்துகளில் அழிந்தது. சுவரில் பூசிய வார்னிஷோ நிலைத்துவிட்டது. 1920 முதல் 1922 வரை ஹைதராபாத் நிஜாம் அரசாங்கம் இத்தாலியிலிருந்து செக்கோனி என்பவரையும் அவருக்குத் துணையாக ஒர்சினி என்பவரையும் வரவழைத்தது. சுவரைவிட்டுப் பெயர்ந்து விழவிருந்த மண்பூச்சை அவர்கள் மீண்டும் ஒட்டச் செய்தது பெரும்பணி. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பாதுகாப்புக்கென அவர்கள் பூசிய அரக்குப் பூச்சு காலப்போக்கில் மஞ்சளித்துக் கருமையடைந்தது. வெண்மையும் நீலமும் அதனடியில் மறைந்தன. 1953-க்குப் பின் அக்குகைகளின் பொறுப்பை ஏற்ற இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார், பூசியதை அங்குலம் அங்குலமாக நீக்குவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட வேண்டியதாயிற்று. அக்காலத்தின் சிறந்த அறிவுடையோர் செய்ததே இவ்வாறாயிற்று. ஆதலால், நாளை எடுக்க முடியாத எதனையும் இன்று பூசலாகாது என்பது இத்துறையின் முதல் விதியாக நிலைபெற்றது.

தஞ்சைப் பெரிய கோயில் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. இராசராச சோழன் எடுப்பித்து 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலில், கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றுச் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, அவை பெயர்ந்த இடங்களில் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாராக இருந்த எஸ்.பரமசிவன் அவற்றின் பூச்சையும் வண்ணத்தையும் ஆய்ந்து, ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டப்பட்டவை என்று விளக்கினார். சுந்தரர் வெள்ளையானையின் மீது கயிலை ஏகும் காட்சியும் திரிபுரம் எரித்த கோலமும் அவ்வாறு நமக்குக் கிடைத்தவை.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. சோழர் ஓவியம் வேண்டும் என்பதற்காக, நானூறு ஆண்டு பழமையுடைய நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிவதா? அதுவும் வரலாறு அல்லவா? தொல்லியல் துறையினர் நாயக்கர் கால மேற்பூச்சைச் சிதையாமல் தனியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தனர். மேலடுக்கும் பிழைத்தது, கீழடுக்கும் வெளிப்பட்டது. இது சுண்ணச் சுவரில் இயன்றது. பிசின் வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டிய நம் கரோல்பாக் படத்தில் இயலாது. மேலே பூசியவர் எதனைக் கொண்டு பூசினார் என்பதே அடியிலிருப்பதன் விதியை முடிவு செய்கிறது.

முறையறிந்த பேணுநர் ஒரு படத்தை எவ்வாறு அணுகுவார்? அவர் முதலில் எதையும் தொடமாட்டார். முன்புறம், பின்புறம், சட்டம் எல்லாவற்றையும் நிழற்படமெடுத்துக் குறிப்பெழுதுவார். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூச்சு எங்கெங்கே எழும்பியிருக்கிறது என்று பார்ப்பார். புறஊதா ஒளியில் பழைய வார்னிஷ் பசுமையாக ஒளிரும். பிற்காலத்தில் தீட்டிய இடங்கள் கருநிழலாகத் தெரியும். அகச்சிவப்புக் கதிரில், வண்ணத்தின் கீழே ஓவியர் முதலில் கரியால் இழுத்த கோடுகூடத் தெரிவதுண்டு. இவ்வாறு நோயை அறிந்த பின்பே அவர் மருந்தைத் தேடுகிறார்.

பின்னர்ச் செய்யும் பணியின் வரிசை முக்கியமானது. உதிர்வதை நிறுத்துவது முதற்பணி. எழும்பிய செதிலின் மேல் மெல்லிய தாளை வைத்து, மென்மையான தூரிகையால் நீர்த்த பசையை அடியில் செலுத்தி, சிறு எடையால் அமர்த்துவர். இதற்கு மீன்பசை போன்ற பழைய பசைகளும், பாரலாய்டு பி-72 போன்ற செயற்கைப் பிசின்களும் பயன்படுகின்றன. பின்பொருநாள் தேவைப்பட்டால் கரைத்தெடுக்கக் கூடியவையா என்று பார்த்தே இவற்றைத் தேர்ந்தெடுப்பர். தூய்மை செய்வது இரண்டாவது பணி. கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்த பின், சிறிய பஞ்சுருளையைக் கொண்டு விரலளவு விரலளவாகச் செய்வர். மனித உமிழ்நீரிலுள்ள நொதி சிலவகை அழுக்கை எளிதில் இளக்குவதால், உலகின் பெரிய அருங்காட்சியகங்களிலும் அதனைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் எங்கே, எவ்வளவு என்று அறிந்தவரே செய்யத்தக்கது அது.

வண்ணம் இழந்த இடத்தை நிரப்புவது கடைசிப் பணி. அதிலும் ஓர் எல்லை உண்டு. இழந்த இடத்திற்குள் மட்டுமே தீட்டலாம்; எஞ்சியுள்ள மூலவண்ணத்தின் மேல் ஒரு புள்ளியும் படலாகாது. உரோமாபுரியில் 1939-இல் நிறுவப்பட்ட மத்தியப் புனரமைப்புக் கழகத்தில், இழந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை வகுத்தனர். தொலைவிலிருந்து பார்த்தால் படம் முழுமையாகத் தோன்றும். அருகில் சென்றால் இது மூலம், இது நிரப்பியது என்று கண்ணுக்குத் தெரியும். அக்கழகத்தின் முதல் தலைவராகிய சேசரே பிராண்டி 1963-இல் எழுதிய நூலில் இக்கொள்கையை விரிவாக நிறுவினார். பேணுநர் தம் கைத்திறனை மறைக்கவும் வேண்டாம். அதனை ஓவியருடைய திறன் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்பது அதன் கருத்து.

இனிச் சட்டத்தைப் பற்றி. சட்டத்தை வெறும் அலங்காரம் என்று எண்ணி முதலில் தூக்கி எறிகிறோம். உண்மையில் அது படத்தின் கவசமாகும். படத்தின் வரலாறும் பல சமயம் அதில்தான் எழுதியிருக்கும். பின்புறத்தில் சட்டம் போட்ட கடையின் சீட்டு, கொடுத்தவர் பெயர், திருமணத் தேதி, ஊர்ப் பெயர் இருக்கக் காண்கிறோம். பழைய தேக்குச் சட்டம் நல்ல நிலையில் இருந்தால், மூலைகளைப் பிரித்து மீண்டும் வச்சிரம் வைத்து இணைத்தாலே பல ஆண்டு நிற்கும். எவ்வகையிலும் மாற்றியே தீரவேண்டுமானால், பழைய சட்டத்தையும் அதிலுள்ள சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஐரோப்பிய முறையில் பொன்முலாமிட்ட சட்டங்களுக்குத் தனிக் கவனம் தேவை. அவற்றில் மரத்தின் மேல் சுண்ணப் பூச்சும், அதன்மேல் செம்மண் பூச்சும், அதற்கும் மேல் தங்க இலையும் இருக்கும். ஈரத்துணி பட்டால் தங்கம் தேய்ந்து செம்மண் வெளிப்படும். அதனை மறைக்கக் கடையில் கிடைக்கும் தங்கப் பெயிண்டைப் பூசுவது மிகப் பெரிய தவறு. அதிலிருப்பது தங்கமன்று, செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். சில ஆண்டுகளில் அது பழுப்பாகிவிடும். அசல் தங்கமோ என்றும் நிறம் மாறாது. தூசியை மென்மையான, உலர்ந்த தூரிகையால் தட்டுவதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யலாகாது.

சட்டத்திற்குள் படம் எவ்வாறு இருக்கிறது என்பதும் முக்கியம். புடைப்புள்ள தஞ்சாவூர்ப் படத்தைக் கண்ணாடி தொடவே கூடாது. இரண்டிற்கும் இடையில் மெல்லிய மரச் சிம்பு வைத்து இடைவெளி விட வேண்டும். பின்பக்கத்தில் சாதாரண மரக்கூழ் அட்டை வைத்தால் அதிலிருந்து வரும் அமிலம் காகிதத்தையும் துணியையும் மஞ்சளாக்கி ஒடியச் செய்யும். இரவிவர்மாவின் அச்சுப் படங்களை வைத்திருப்போர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 1894-இல் மும்பையில் தொடங்கிய அவரது அச்சகத்தின் படங்கள் காகிதத்தில் அமைந்தவை. பின்னட்டையினாலேயே அவற்றுள் பல கெட்டன. அமிலமற்ற அட்டை என்று கேட்டு வாங்கிப் போட வேண்டும். சுவரின் ஈரம் நேரே தாக்காதவாறு, சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்புறம் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று ஓடும். மாட்டும் கயிறு இற்றிருக்கிறதா, வளையம் துருப்பிடித்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். படம் விழுந்து உடைந்ததற்கு அரையணா வளையமே காரணமாயிருந்த வீடுகளை நாம் அறிவோம்.

மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். படத்தைப் படுக்கவைத்து அதன்மேல் பெட்டிகளை அடுக்காமல், நிமிர்த்தி வைத்தே அனுப்ப வேண்டும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை ஒட்டினால், உடைந்தாலும் சில்லுகள் வண்ணத்தைக் கிழிக்கமாட்டா. கண்ணாடியில்லாத படத்தின் முகத்தில் பிளாஸ்டிக் தாள் நேரே படலாகாது, வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிய ஊரை அடைந்ததும் பெட்டியை உடனே திறவாமல், ஒரு நாள் அந்த அறையிலேயே வைத்திருந்து திறப்பது நல்லது. அவ்வூர்க் காற்றுக்குப் படம் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும்.

உதவிக்கு எங்கே செல்வது என்ற கேள்வி எழலாம். 1976-இல் மத்திய அரசாங்கம் இலக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பேணுவதற்கான தேசிய ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவியது. 1984-இல் தோன்றிய இன்டாக் என்னும் அமைப்பு தில்லி, இலக்னோ, பெங்களூரு முதலிய நகரங்களில் கலைப்பொருள் பேணும் நிலையங்களை அமைத்துள்ளது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெரிய அருங்காட்சியகங்களில் இத்துறை வல்லுநர்கள் உள்ளனர். யாரிடம் கொடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்பது நம் உரிமை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதித் தருவீர்களா? வைக்கும் பொருளைப் பின்னர் எடுக்க முடியுமா? மூலவண்ணத்தின் மேல் தீட்டுவீர்களா? மூன்றாவதற்கு ஆம் என்ற விடை வந்தால், படத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது நன்று. மேலும், நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. அதனைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்வது நலம்.

கரோல்பாக் குடும்பத்தின் பட்டாபிஷேகப் படம் கடைக்குச் செல்லவில்லை. முறையறிந்த ஒருவரிடம் சென்று, நான்கு மாதங்கள் கழித்து வந்தது. பார்த்தவர்களில் சிலருக்கு முதலில் ஏமாற்றமே. சீதையின் புடவை வெளிறியவாறே இருந்தது. இலக்குவன் கிரீடத்தில் இரண்டு கற்கள் விழுந்த குழிகள் அப்படியே இருந்தன. ஆனால் உதிர்வது நின்றிருந்தது. புகை நீங்கிய இடத்தில், அனுமன் கையிலிருந்த ஓலைச்சுவடியை வீட்டார் முதன்முறையாகக் கண்டனர். ஆணியறைந்திருந்த பின்சட்டம் பலகையோடு சேர்ந்து அசையுமாறு திருத்தப்பட்டிருந்தது. பழைய தேக்குச் சட்டமே பூச்சி நீங்கி, மூலை இறுகித் திரும்பியிருந்தது. அதன் பின்புறத்தில் பாட்டியாருடைய தந்தையார் கையால் எழுதிய ஊர்ப் பெயரும் தேதியும் கலையாமல் இருந்தன. பாட்டியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்த எழுத்தை ஒருமுறை படித்தார்; பிறகு படத்தைச் சன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம், கூடத்தின் உட்சுவரில் மாட்டுங்கள் என்று சொன்னார்.

அவ்வாறே மாட்டப்பட்டது. நம் வீட்டுச் சுவர்களில் இருப்பவற்றையும் இன்று ஒருமுறை இறக்கிப் பின்புறத்தைப் பார்ப்போமாக.